பைப்புக்குச் சட்டை போடுகிற வேலை

ஊரில் இருந்து யாரும் போன் எடுத்து "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டால், "பைப்புக்குச் சட்டை போடுறம்" என்றுதான் சொல்லுவோம். சிரிப்பார்கள். ஆனால் அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எங்களுக்கு இன்னும் ஒரு வசனம் கிடைக்கவில்லை. கனடாவில் இந்தத் தொழிலின் உத்தியோகபூர்வப் பெயர் 'ஹீட் அண்ட் ஃப்ரொஸ்ட் இன்சுலேட்டர்'. சூடும் உறைபனியும் பெயரிலேயே இருக்கிறது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், இரசாயன ஆலைகள், மின் நிலையங்கள் போன்ற இடங்களில் ஓடுகிற பைப்புகளுக்கு வெப்பக் காப்பு போடுவது, பழுதானதைக் கழற்றித் திரும்பப் போடுவது, குளிர் வருவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை நடந்து பார்த்து முடிப்பது. இவ்வளவுதான் வேலை.

நாங்கள் மூன்று பேர். ஒருத்தன் சாவகச்சேரி, ஒருத்தி மட்டக்களப்பு, மற்றவன் வவுனியா. வேறு வேறு வருசங்களில், வேறு வேறு வழிகளில் இங்கே வந்தோம். அல்பேர்ட்டா மாகாணத்தில், எட்மன்டனுக்கு வடகிழக்கே, ஃபோர்ட் சஸ்கச்சுவான் பக்கம் ஆலைகள் வரிசையாக நிற்கிற இடத்தில் ஒரே குழுவில் வந்து சேர்ந்தோம். மைனஸ் 30 பாகை வரை இறங்குகிற நாட்கள் அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் வரும். சில வருசங்களில் மைனஸ் 40ஐயும் தொடும். அந்த இடத்தில் செல்சியஸும் ஃபாரன்ஹைட்டும் ஒரே எண்தான். "எந்தக் கணக்கில சொல்லுறாய்?" என்று கேட்கவே தேவையில்லை.

குளிர்நாட்டு வாழ்க்கையைப் பற்றி எங்கட ஆக்கள் நிறைய எழுதியிருக்கினம். முதல் பனி, நாலு மணிக்கே வருகிற இருட்டு, தனிமை, பஸ் தரிப்பிடத்தில் விறைத்த விரல்கள். நாங்கள் எழுத நினைத்தது அதற்கு முந்தின மூன்று மாதங்களைப் பற்றி. ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர். வெயிலில் வியர்த்துக்கொண்டு குளிருக்காகச் செய்கிற வேலையைப் பற்றி. போன வருசம் அந்த மாதங்களில் ஒரு விசயம் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் இந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும்.

காப்பு சூடாக்காது

பைப்பைச் சுற்றி மினரல் வூலோ கண்ணாடி இழையோ தடிப்பாகப் போட்டால் உள்ளே இருக்கிற தண்ணி உறையாது என்றுதான் வேலைக்கு வரும்போது எல்லாரும் நினைப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிற தண்ணிக்கு அது ஓரளவு சரி. நிற்கிற தண்ணிக்குச் சரியில்லை. காப்பு வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளியே போவதைத் தாமதப்படுத்துகிறது. ஃப்ளாஸ்க்குக்குள் பச்சைத்தண்ணியை ஊற்றி வைத்தால் அது தேத்தண்ணிக்குக் கொதிக்காது, அதுபோலத்தான். இரண்டு அங்குலப் பைப்பில் அசையாமல் நிற்கிற தண்ணி, மேலே எவ்வளவு நல்ல காப்பு இருந்தாலும், மைனஸ் 30இல் ஏதோ ஒரு மணித்தியாலத்தில் உறையத்தான் செய்யும். காப்பு அந்த மணித்தியாலத்தைத் தள்ளிவைக்கும்.

தண்ணி உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் கூடும். ஐஸ் பக்கவாட்டில் தள்ளுவதால் மட்டும்தான் பைப் வெடிக்கிறது என்று நினைக்கவேண்டாம். ஐஸ் ஒரு அடைப்பாக வளர்ந்துகொண்டு போகும். அந்த அடைப்புக்கும் மூடிய வால்வுக்கும் நடுவில் அகப்பட்ட தண்ணிக்குப் போக வழியில்லை. அமுக்கம் ஏறி ஏறி, எங்கே பலவீனமோ அங்கே வெடிக்கும். அதைவிடப் பொல்லாத விசயம், வெடித்தது உடனே தெரியாமல் போவது. ஐஸே வெடிப்பை அடைத்துக்கொண்டு நிற்கும். வெயில் வந்து ஐஸ் கரைகிற அன்றைக்குத்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அதனால்தான் நாங்கள் கடும் குளிர் நாளுக்குப் பயப்படுகிற அளவுக்கு, அதற்குப் பிறகு வருகிற இளஞ்சூடான நாளுக்கும் பயப்படுகிறோம்.

நிற்கிற தண்ணியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இரண்டு வழிதான். ஒன்று, அதை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் காப்புக்குள் சூடு கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவதுதான் ஹீட் ட்ரேசிங்.

அதில் பழைய வகை நீராவி. பைப்போடு ஒட்டினாற்போல ஒரு மெல்லிய செப்புக் குழாயைக் கொண்டுபோய் அதற்குள் நீராவியை விடுவார்கள். நீராவி சூட்டைக் கொடுத்துத் தண்ணியாகி, கடைசியில் 'ஸ்டீம் ட்ராப்' என்கிற சின்ன வால்வு வழியாக வெளியேறும். அந்த ட்ராப் மூடினபடி இறுகினால், சூடு கொடுக்க வந்த குழாய்க்குள்ளேயே தண்ணி தேங்கி உறைந்துவிடும். திறந்தபடி இறுகினால் காசு நீராவியாகப் பறக்கும். பழைய ஆக்கள் ஸ்குரூ டிரைவரின் நுனியை ட்ராப்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே அது வேலை செய்யுதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

மற்றது மின்சாரக் கேபிள். அதில் 'செல்ஃப் ரெகுலேட்டிங்' என்று ஒரு வகை இருக்கிறது. எங்கள் மூன்று பேருக்கும் இந்தத் தொழிலில் மிகப் பிடித்த பொருள் அதுதான். இரண்டு செப்புக் கம்பிகள் சமாந்தரமாக ஓடும். நடுவில் கரித்தூள் கலந்த ஒரு பிளாஸ்டிக். குளிர்ந்தால் அந்தப் பிளாஸ்டிக் சுருங்கும், கரித்துணிக்கைகள் ஒன்றையொன்று நெருங்கும், மின்சாரத்துக்குப் பாதை கூடும், சூடும் கூடும். சூடேறினால் விரியும், பாதை குறையும், சூடும் குறையும். ஒரே கேபிளில் காற்றுப் படுகிற பக்கம் கூடவும் ஒதுக்கமான பக்கம் குறையவும் வேலை செய்யும். யாரும் திருகத் தேவையில்லை.

கேபிளைப் பைப்பின் கீழ்ப்பக்கத்தில் ஓட்டி, கண்ணாடி இழை டேப்பால் கட்டுவோம். வால்வு, ஃப்ளாஞ்ச், தாங்கி வருகிற இடங்களில் நேராக ஓட்டிவிட்டுப் போக முடியாது. அங்கே உலோகம் அதிகம், அது சூட்டை உறிஞ்சி வெளியே விடும். அதனால் அந்த இடங்களில் கேபிளைக் கூடுதலாக வளைத்துச் சுற்றவேண்டும். அவசரத்தில் வேலை செய்தவனைக் கண்டுபிடிக்க நாங்கள் முதலில் வால்வைத்தான் பார்ப்போம்.

கிடுகு

காப்புக்கு மேலே அலுமினியத் தகடு வரும். தகட்டின் வேலை ஒன்றே ஒன்று: தண்ணியை உள்ளே விடாமல் இருப்பது. எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பழக்க ஒரு நாள் பிடிக்கும். எங்களுக்கு ஒரு நிமிசம்கூடப் பிடிக்கவில்லை. கிடுகு வேய்கிறதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விசயம். தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போகவேண்டும், மேல் கிடுகு கீழ்க் கிடுகின்மேல் விழவேண்டும். நிமிர்ந்த பைப்பில் தகடும் அப்படித்தான், கீழிருந்து மேலே. கிடையான பைப்பில் தகட்டின் மூட்டு மணிக்கூட்டில் 3 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில், வாய் கீழே பார்க்க இருக்கவேண்டும். வாய் மேலே பார்த்தால் மழை நேராக உள்ளே போகும்.

நனைந்த காப்பு, காப்பே இல்லாத மாதிரித்தான். காப்பை வேலை செய்யவைப்பது அதற்குள் அகப்பட்டிருக்கிற காற்று. அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணி புகுந்தால், தண்ணி வெப்பத்தைக் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் கடத்தும். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்குத் தகடு மினுங்கும். உள்ளே ஈரப் பஞ்சு. அதற்குக் கீழே இரும்பு மெல்ல மெல்ல அரிக்கும். 'காப்புக்குக் கீழ் அரிப்பு' என்று இதற்குத் தனிப் பெயரே வைத்து ஆலைகள் பயப்படுகின்றன. தகட்டைத் திறந்தால்தான் தெரியும், திறப்பதற்குச் செலவு. அதனால் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை.

பழைய ஆலைகளில் திறப்பதற்கு இன்னொரு பயமும் உண்டு. ஒரு காலத்தில் காப்பு என்றாலே அஸ்பெஸ்டஸ்தான். அமெரிக்காவில் ஏர்விங் செலிகொஃப் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1964இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் தொழிலாளர்களைப் பற்றியதுதான்: காப்பு வேலை செய்தவர்கள் நுரையீரல் புற்றுநோயில் மற்றவர்களைவிட எவ்வளவு அதிகமாக இறந்திருக்கிறார்கள் என்று. கனடா 2018இல்தான் அஸ்பெஸ்டஸைத் தடை செய்தது. இப்போதும் பழைய காப்பைத் தொடுவதற்கு முன் துண்டு எடுத்துப் பரிசோதித்து, கடதாசி வந்த பிறகுதான் கத்தி வைப்போம். எங்களில் ஒருத்தி இந்த வகுப்பு முடிந்த அன்றைக்கு வீட்டுக்குப் போன் எடுத்து, "அந்தப் பழைய சீற்றை அறுக்காதேங்கோ, உடைக்காதேங்கோ, தேவையெண்டா நனைச்சுப்போட்டுக் கழட்டுங்கோ" என்று சொன்னாள். ஊரில் எத்தனை கூரையில் அது இன்னும் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

பட்டியல்

ஓகஸ்டில் ஒரு பட்டியல் தருவார்கள். குளிர்காலத்துக்கு முன் பார்த்து முடிக்கவேண்டிய பைப்புகள், கேபிள் சுற்றுகள், ஸ்டீம் ட்ராப்கள், எல்லாம் நம்பரோடு இருக்கும். நாங்கள், ஒரு எலெக்ட்ரிஷியன், ஆலையின் ஒப்பரேட்டர் ஒருவர் என்று சேர்ந்து நடப்போம்.

எலெக்ட்ரிஷியன் மெகர் என்கிற கருவியால் கேபிளின் மின்காப்பை அளப்பார். பொதுவாக 20 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எங்கேயோ ஈரம் புகுந்திருக்கு, அல்லது கேபிள் வெட்டுப்பட்டிருக்கு. பிறகு தெர்மோஸ்டாட்டை ஏமாற்றி, வெயிலிலேயே சுற்றைப் போட்டுப் பார்ப்பார்கள். வெளி வெப்பநிலை 5 பாகை அளவுக்கு இறங்கினால்தான் அது தானாக வேலை தொடங்கும். அதுவரை பொறுத்திருந்தால் பழுது தெரியவருவதும் குளிர் வருவதும் ஒரே நாளாகிவிடும். கோடையில் வேறு வேலைக்காக பிரேக்கரை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

எங்கள் பங்கு காப்பு. கோடையில் மெக்கானிக்குகள் வால்வைத் திருத்தக் காப்பைக் கழற்றுவார்கள். திருத்தி முடித்ததும் அவர்களுடைய வேலை முடிந்தது. கழற்றின காப்பு மழையில் தரையில் கிடக்கும். வால்வுக்குப் போடுகிற கழற்றி மாட்டக்கூடிய உறைகள் எங்கேயோ ஒரு மூலையில், யாரோ உட்கார்ந்து சாப்பிட்ட மெத்தையாகக் கிடைக்கும். "இது ஆருடையது?" என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

கண்ணைக் கழுவுகிற, உடம்பைக் கழுவுகிற அவசர ஷவர்களையும் பார்க்கவேண்டும். முகத்தில் காரம் தெறித்தவன் அதை இழுக்கும்போது தண்ணி வரவேண்டும். வந்தால் மட்டும் போதாது. அமெரிக்கத் தரநிலை அந்தத் தண்ணி 16 பாகையில் இருந்து 38 பாகைக்குள் இருக்கவேண்டும் என்கிறது. ஐஸ் தண்ணியில் 15 நிமிசம் ஒருவராலும் நிற்க முடியாது, பாதியில் வெளியே வந்துவிடுவார். அந்தப் பைப் தடிப்பு ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. ஆலையின் வருமானத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதனால் அதன் காப்பு உடைந்தால் முறையிடவும் ஆளில்லை.

பட்டியலில் இல்லாத பைப்

செப்டெம்பர் முதல் கிழமை. ஒரு பைப் ராக்கின் கீழே, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது, எங்களில் ஒருத்தன் "மச்சான், இந்தக் கிளை படத்தில இல்லையே" என்றான். பெரிய பைப்பில் இருந்து இரண்டு அங்குலக் கிளை ஒன்று பிரிந்து, கீழே இறங்கி, வளைந்து, ஒரு மூடிய வால்வில் முடிகிறது. வால்வுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் அங்கே ஒரு பம்ப் இருந்திருக்கிறது. பம்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கிளையை விட்டுவிட்டார்கள். மேலே தகடு வடிவாக மினுங்குகிறது. கீழே கேபிள் நுனி வெட்டப்பட்டுத் தொங்குகிறது. வெப்பமானியால் பார்த்தோம். பெரிய பைப் சூடு. கிளையின் அடி, வெளிக்காற்றின் அதே வெப்பநிலை.

இதற்குத் தொழிலில் 'டெட் லெக்' என்று பெயர். செத்த கால். அந்தப் பெரிய பைப்பில் ஓடுவது லேசான ஹைட்ரோகார்பன், கூடவே கொஞ்சம் தண்ணியும் வரும். தண்ணி பாரம் கூடினது, ஆகவே தாழ்ந்த இடம் தேடிப் போகும். ஒட்டமே இல்லாத அந்தக் காலின் அடியில் போய்த் தங்கும்.

எங்கள் போர்மன் அதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு 2007இல் டெக்சாஸில் நடந்ததைச் சொன்னார். அதைப் பிறகு நாங்கள் வீட்டில் போய் வாசித்தோம். அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபை விசாரித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. சன்ரே என்ற சின்ன ஊரில் இருக்கிற மெக்கீ சுத்திகரிப்பு ஆலை. அங்கே ஒரு கட்டுப்பாட்டுக் கிளை ஏறத்தாழ 15 வருசமாகப் பாவனையில் இல்லை. கழற்றவும் இல்லை, தகடு போட்டு அடைக்கவும் இல்லை, வால்வை மட்டும் மூடிவிட்டிருந்தார்கள். வால்வின் கதவுக்கடியில் ஏதோ ஒரு உலோகத் துண்டு சிக்கி, அது முழுதாக மூடவில்லை. புரொப்பேனோடு வந்த தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி, தாழ்ந்த வளைவில் சேர்ந்தது. பெப்ரவரிக் குளிரில் உறைந்து வளைவை வெடிக்கவைத்தது. 16ஆம் திகதி குளிர் குறைந்து ஐஸ் கரைந்ததும் புரொப்பேன் வெளியே சீறித் தீப்பிடித்தது. மூன்று தொழிலாளர்கள் கடுமையாக எரிகாயப்பட்டார்கள். ஆலை முழுவதையும் விட்டு ஆட்கள் வெளியேறவேண்டி வந்தது. பிறகு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆலை ஓடவில்லை. அந்தக் கிளை ஆலையின் உறைபனிப் பாதுகாப்புத் திட்டத்தில் இருக்கவில்லை.

நாங்கள் அறிக்கை எழுதிக் கொடுத்தோம். பதில் வந்தது: அந்தக் கிளைக்கு நம்பர் இல்லை, நம்பர் இல்லாததற்கு வேர்க் ஓடர் திறக்க முடியாது. நம்பர் வாங்க வரைபடப் பிரிவுக்குப் போகவேண்டும். வரைபடப் பிரிவு, இடத்தை உறுதிப்படுத்த ஒப்பரேஷன்ஸ் கையெழுத்து வேண்டும் என்றது. இரண்டு கிழமை போனது. இடையில் ஒரு மேற்பார்வையாளர், கெட்ட மனிசன் இல்லை, உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார்: "அது இவ்வளவு வருசமா அங்கதான் இருக்கு. எத்தனை குளிர்காலம் போயிட்டுது, ஒண்டும் நடக்கேல்லையே?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடின இரண்டு நாட்களைத்தான் நாங்கள் இந்தக் கட்டுரையில் எழுத ஆசைப்பட்டோம். ஏனென்றால் கேள்வி நியாயமானது. ஏன் இதுவரை உறையவில்லை?

எங்களில் ஒருத்திதான் அந்த இடத்தில் திரும்பவும் போய் நின்று பார்த்தாள். கிளைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், பக்கத்து யூனிட்டுக்குப் போகிற ஒரு நீராவிப் பைப். அதன் காப்பு அந்த இடத்தில் பிய்ந்து கிடந்தது. இவ்வளவு வருசமும் செத்த காலைச் சூடாக வைத்திருந்தது, பக்கத்துப் பைப்பின் உடைந்த காப்பு. ஒரு பழுது இன்னொரு பழுதைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் பட்டியலில் அந்த நீராவிப் பைப்புக்கு நம்பர் இருந்தது. காப்பைத் திருத்தவேண்டியது எங்கள் வேலை. திருத்தியிருந்தால் ஆலைக்கு நீராவி மிச்சம், பட்டியலில் ஒரு சரி அடையாளம் கூட, அந்தக் குளிர்காலத்தில் கிளை முதல் தடவையாகத் தனியே நின்றிருக்கும். அதற்குக் கீழே இருக்கிற நடைபாதையால்தான் இரவு ஒப்பரேட்டர்கள் சுற்றுப் பார்க்கப் போகிறார்கள்.

இதை எழுதி, படம் எடுத்து, இரண்டு பைப்பின் வெப்பநிலையையும் பக்கத்தில் போட்டுக் கொடுத்தோம். கிளையை முடிக்காமல் நீராவிப் பைப்பின் காப்பை மூடமாட்டோம் என்று போர்மன் சொல்லிவிட்டார். அது சின்ன விசயம் இல்லை. வேலையை மறுத்தால் ஒப்பந்தக்காரனுக்கு அடுத்த வருசம் வேலை கிடைக்காமல் போகலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்களில் ஒருத்தனுக்கு அப்போது வேலை அனுமதி புதுப்பிக்கிற நேரம். அவன் இரவு நித்திரை இல்லாமல் இருந்தான். ஆனாலும் அறிக்கையில் மூன்று பேரும் பெயர் எழுதிக் கையெழுத்து வைத்தோம்.

ஒக்டோபர் இரண்டாம் கிழமை, முதல் உறைபனிகள் தொடங்கின பிறகு, அனுமதி வந்தது. கிளையைத் தனிமைப்படுத்தி வடித்தார்கள். அடியில் இருந்து வந்தது தண்ணி. அரை வாளி இருக்கும். பெரிய பைப்பின் பக்கத்தில் பிளைண்ட் ஃப்ளாஞ்ச் போட்டு அடைத்தார்கள். அடுத்த நாள் நாங்கள் நீராவிப் பைப்புக்குச் சட்டை போட்டு முடித்தோம்.

அரை அங்குலம்

தனி ஒரு ஆலைக்கு இது இவ்வளவு என்றால், ஒரு மாநிலத்துக்கு என்ன ஆகும் என்பதற்கும் டெக்சாஸ்தான் உதாரணம். 2021 பெப்ரவரியில் அங்கே வந்த குளிர் அல்பேர்ட்டாக்காரனுக்குச் சாதாரணம். ஆனால் 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. மாநில அரசின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். முழு மின்வலையும் விழுவதற்கு 4 நிமிசமும் 37 செக்கனும்தான் மிச்சம் இருந்தது என்று மின்வலையை நடத்துகிற நிறுவனமே பிறகு சொன்னது.

காற்றாலைகள் உறைந்ததுதான் காரணம் என்று அப்போது நிறையப் பேர் கத்தினார்கள். காற்றாலைகளும் உறைந்தன. அதைவிடப் பெரிய இழப்பு எரிவாயு நிலையங்களில். ஒரு அணு மின் நிலையத்தின் ஒரு அலகும் பெப்ரவரி 15 அதிகாலை நின்றது. அணு உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொதிகலனுக்குத் தண்ணி அனுப்புகிற பம்பின் அமுக்கத்தை அளக்கிற ஒரு மெல்லிய குழாய் குளிரில் பழுதானது. இப்படியான அளவீட்டுக் குழாய்கள் அரை அங்குலம் அளவில்தான் இருக்கும். உள்ளே திரவம் ஓடாது, நிற்கும். அது உறைந்தால் கருவி பொய் சொல்லும். பொய்யை நம்பி இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

மத்திய அரசின் எரிசக்தி ஆணைக்குழுவும் மின் நம்பகத்தன்மைக்கான நிறுவனமும் சேர்ந்து 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு எண் எங்களை நிறுத்தியது. உறைந்ததால் நின்ற நிகழ்வுகளில் 81 வீதம், அந்த அலகுகள் தாங்கும் என்று அவற்றின் உரிமையாளர்களே சொன்ன வெப்பநிலைக்கு மேலேயே நடந்திருக்கின்றன. அதாவது எதிர்பாராத குளிர் என்று சொல்ல வழியில்லை. கடதாசியில் தாங்கவேண்டிய குளிரில்தான் விழுந்தன. 2011 பெப்ரவரியிலும் அதே மாநிலத்தில் இதே மாதிரி நடந்து, காப்பையும் ஹீட் ட்ரேசிங்கையும் குளிருக்கு முன் பாருங்கள் என்று அப்போதே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பத்து வருசம் இருந்தது.

2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். காரணம் வேறு, எரிபொருள் வாங்க டொலர் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் அந்த இரவுகளை வெக்கையிலும் நுளம்பிலும் கழித்தார்கள். டெக்சாஸில் அதே இருட்டு, வீட்டுக்குள் உறைபனியோடு. குளிரில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டைச் சூடாக்கக் காரை ஓடவிட்டு, கரியை எரித்து, புகையில் இறந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு அங்குலப் பஞ்சும் கொஞ்சக் கேபிளும் என்று நாங்கள் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிற பொருளுக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது என்று அதை வாசித்த பிறகுதான் விளங்கியது.

ஒன்றும் நடக்கவில்லை

இதை எழுதும்போது பெப்ரவரி. இந்தக் குளிர்காலத்தில் மைனஸ் 30 இரண்டு தடவை வந்து போனது. அந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் செய்த வேலையால்தான் நடக்கவில்லை என்று நிரூபிக்க வழியும் இல்லை. நீராவிப் பைப்பின் காப்பை மூடாமல் விட்டிருந்தால் இன்னொரு வருசம் அப்படியே போயிருக்கலாம். வெடித்திருந்தால் அறிக்கை வந்திருக்கும், படம் வந்திருக்கும், எங்கே பிழைத்தது என்று கூட்டம் வைத்திருப்பார்கள். வெடிக்காததற்குக் கூட்டம் இல்லை. இந்தத் தொழிலில் நன்றாகச் செய்த வேலைக்கு அடையாளம், ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்காமல் இருப்பதுதான். ஆரம்பத்தில் இது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. பிள்ளை என்ன செய்கிறாள் என்று ஊரில் காட்ட ஒரு பாலமோ கட்டடமோ இல்லை, மினுங்குகிற பைப்தான் இருக்கிறது.

இந்தப் பக்கம் வேலைக்கு வர நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்ல எங்களிடம் இருப்பது கொஞ்சம்தான். கத்தி பிடிக்கவும் தகடு வெட்டவும் ஆறு மாதத்தில் வந்துவிடும். உயரப் பயம் போக ஒரு வருசம். பட்டியலைப் பார்த்து வேலை செய்யப் பழகுங்கள், அது இல்லாமல் முடியாது. ஆனால் பட்டியல் போன வருசம் யாரோ நடந்த பாதை. பைப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்து நடவுங்கள். வால்வில் முடிகிற பைப்பைக் கண்டால் நில்லுங்கள். "இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்ல" என்று யாராவது சொன்னால் கோபப்படாமல், இவ்வளவு நாளும் எது காப்பாற்றினது என்று கேளுங்கள். அது இந்த வருசமும் அங்கே இருக்குமா என்று பாருங்கள். அதை ஓகஸ்டிலேயே கேளுங்கள்.

அந்தக் கிளையை முழுதாக வெட்டி எடுப்பது அடுத்த பெரிய நிறுத்தத்தில்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் அதற்கு இப்போது ஒரு நம்பர் இருக்கிறது. வெட்டப்பட்டுத் தொங்கின கேபிளையும் கழற்றி எடுத்தாயிற்று. எங்களில் ஒருத்தனுடைய வேலை அனுமதியும் வந்துவிட்டது. ஓகஸ்ட் பட்டியலில் பக்கத்து யூனிட்டின் பழைய பைப் ராக்கையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அங்கேயும் கழற்றின பம்புகள் நாலைந்து இருந்ததாக ஒரு பழைய ஒப்பரேட்டர் சொன்னார்.